லீக் டூவிலேயே காலம் தள்ளும் மிட்ஃபீல்டர்கள்: தோற்றவர்கள் என்று சொல்லலாமா?

பந்துப்பித்தன்:

ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் இந்த முறை பெரிய கிளப் எதுவும் வேண்டாம் என்று இங்கிலாந்தின் நாலாவது அடுக்கில், அதாவது லீக் டூவில், ஒரு கிளப்பை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஆட்டத்தை விட வீரர்களின் பழைய கணக்கைத் தோண்டிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. என் நடுக்களத்தில் ஒருத்தர், வயது 31. ஒன்பது கிளப், அதில் நாலு லோன், அதாவது இரவலாகப் போனது. ஒவ்வொரு வரியும் ஒரு வருடம், ரொம்பப் போனால் இரண்டு வருடம். மூன்றாவது அடுக்கான லீக் ஒன்னுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் இறங்கியிருக்கிறார், நடுவில் ஐந்தாவது அடுக்கான நேஷனல் லீகிலும் கொஞ்ச காலம். முந்நூற்றுச் சொச்சம் ஆட்டம், கோல் இருபதைத் தொடவில்லை. கேம் என்றாலும் ஆட்கள் நிஜ ஆட்கள்தானே, அதனால் இதே மாதிரி இன்னும் நிறைய பேருடைய கணக்கைத் தேடிப் பார்த்தேன், எல்லாம் அச்சு அசல் ஒரே கதை.

என் சந்தேகம் இதுதான். பதினைந்து வருடம் ஒருவர் தொழில்முறைப் பந்தாட்டம் ஆடுகிறார், ஆனால் உச்ச அடுக்கான பிரீமியர் லீக் புல்லை மிதிக்கவே இல்லை. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதா? இவர்கள் ஏன் இப்படி வருடா வருடம் கிளப் மாறுகிறார்கள், காசுக்காகவா? முந்நூறு நானூறு ஆட்டம் ஆடியும் மேலே இருக்கிற ஒருவர் கண்ணில்கூடப் படாமல் போவது எப்படி? அப்புறம் 35 வயதுக்கு மேல் என்ன செய்கிறார்கள்? பெரிய நட்சத்திரங்களைப் பற்றிய பேச்சு எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, இவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சனிக்கிழமை மூணு மணி:

முதலில் "கிளப் மாறுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்த வேண்டும். பாதி நேரம் அவர்கள் மாறுவதில்லை, அனுப்பப்படுகிறார்கள்.

அங்கே ஒப்பந்தம் எல்லாம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடியும். சீசன் முடிந்ததும் மே மாதம் ஒவ்வொரு கிளப்பும் ரீடெய்ன்ட் லிஸ்ட் என்று ஒன்றைத் தன் இணையதளத்தில் போடும். ஒப்பந்தம் பாக்கி இருப்பவர்கள், புது ஒப்பந்தம் பேசப்படுகிறவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே வெறும் பெயர்கள், கடைசியில் விடுவிக்கப்பட்டவர்களின் உழைப்புக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று ஒரு வரி. கிளப் பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அந்த வரி எல்லா ஊரிலும் அதே வரிதான். லீக் டூவில் ஒரே கோடையில் பாதி அணி காலியானால்கூட அது பெரிய செய்தி இல்லை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், மாறினால் அதுவும் ஆட்டம் காணும், ஏனென்றால் புதிதாக வருகிறவர் முன்பு தன்னிடம் ஆடிய இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், அதில் ஒருவராவது மிட்ஃபீல்டராக இருப்பார்.

இன்னொரு விஷயம், சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டம் ஆடினால் தானாகவே இன்னொரு வருடம் கூடும் என்று ஒரு ஷரத்து இருக்கும். கேட்க நல்லதாக இருக்கிறதா? ஏப்ரலில் அந்த எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு ஆட்டம் குறைவாக இருக்கும்போது திடீரென்று பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீரருக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

நீங்கள் பார்த்த நாலு லோனுக்கும் காரணம் உண்டு. 2016 வரை அங்கே எமர்ஜென்சி லோன் என்று ஒரு ஏற்பாடு இருந்தது, வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடிய பிறகும் 28 நாளில் இருந்து 93 நாள் வரை ஒருவரை இரவல் வாங்கலாம். அதனால் அந்தக் காலத்து வீரர்கள் கணக்கில் "5 ஆட்டம்", "8 ஆட்டம்" என்று குட்டிக் குட்டி வரிகள் நிறைய வரும். ஒருவருக்கு முழங்கால் போனால் அந்த இடத்தை அடைக்க இன்னொருவர், அவ்வளவுதான்.

ஒன்பது கிளப் என்றதும் ஒன்பது முறை வீடு மாற்றினார் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் வடமேற்கில் ராச்டேல், ஓல்டம், ஸ்டாக்போர்ட், ஆக்ரிங்டன், குரூ, ட்ரான்மியர் எல்லாம் எம்62, எம்6 நெடுஞ்சாலைகளின் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்று நாலு பேர் ஒரு காரில் சேர்ந்து பயிற்சிக்குப் போய் வந்து, பத்து வருடம் ஐந்து கிளப்பில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகவே சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பக்கத்து ஊர் கிளப்பில் கையெழுத்துப் போடுவார்கள். தெற்கே பிளைமத் மாதிரி மூலையில் இருக்கும் கிளப்புக்குப் போனால் கதையே வேறு. 2015-16 சீசனில் பிளைமத்தும் வட கோடியில் இருக்கும் கார்லைலும் ஒரே லீக் டூவில் இருந்தன. ஒரு வழிக்கே 600 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில்.

கார்னர் கொடி:

மேலே சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் வேர் விட்ட ஆளும் உண்டு. மாட் ப்ளூம்ஃபீல்ட் என்று தேடிப் பாருங்கள். 1984-ல் ஃபீலிக்ஸ்டோவில் பிறந்தவர், இப்ஸ்விச் டவுனில் வளர்ந்தவர், அங்கே முதல் அணியில் இடம் கிடைப்பதாக இல்லை என்றதும் 2003 டிசம்பரில் விக்கம் வாண்டரர்ஸுக்கு வந்தார். அப்போது விக்கம் மேனேஜர் யார் தெரியுமா, ஆர்சனல் கேப்டனாக இருந்த டோனி ஆடம்ஸ். வந்த சில மாதத்தில், 2004-ல், கிளப் நாலாவது அடுக்குக்கு இறங்கியது. பையனுக்கு இருபது வயது, இதுதான் வரவேற்பு.

ஹை விக்கம் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர், அதனால் அந்த அணிக்கே சேர்பாய்ஸ் என்றுதான் பட்டப்பெயர். அங்கே அவர் பதினெட்டு வருடம் இருந்தார், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 550 ஆட்டத்துக்கு மேல். இந்தப் பதினெட்டு வருடத்தில் கிளப் பட்ட பாட்டைப் பாருங்கள். 2007 ஜனவரியில் லீக் கப் அரையிறுதியில் செல்சியை சொந்த மைதானத்தில் 1-1 என்று நிறுத்தினார்கள், அடுத்த ஆட்டத்தில் செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் 4-0 வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2009-ல் ஏற்றம், 2010-ல் இறக்கம், 2011-ல் ஏற்றம், 2012-ல் மறுபடி இறக்கம். 2014-ல் கடைசி நாள் வரை லீகை விட்டே, அதாவது நாலு அடுக்குக்கும் வெளியே, போகும் நிலை. அன்று விக்கம் டார்கீயில் ஜெயிக்க வேண்டியிருந்தது, 3-0 என்று ஜெயித்தார்கள், அதே நேரம் பிரிஸ்டல் ரோவர்ஸ் சொந்த மண்ணில் மான்ஸ்ஃபீல்டிடம் தோற்றது. இரண்டு அணிக்கும் 50 புள்ளி, கோல் வித்தியாசத்தில் விக்கம் பிழைத்தது, ரோவர்ஸ் 1920-க்குப் பிறகு முதல் முறையாக லீகில் இருந்து வெளியே போனது.

அதற்கு அடுத்த வருடமே லண்டன் வெம்ப்லி மைதானத்தில், மேலே ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் இறுதி ஆட்டம், சௌத்எண்டுக்கு எதிராக. கூடுதல் நேரத்திலும் முன்னிலையில் இருந்தவர்கள் 122-வது நிமிடத்தில் கோல் வாங்கி, பெனால்டியில் 7-6 என்று தோற்றார்கள். 2018-ல் லீக் ஒன். 2020-ல் கொரோனாவால் சீசன் பாதியில் நிற்க, எட்டாவது இடத்தில் இருந்த விக்கம் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்ற கணக்கில் மூன்றாம் இடத்துக்கு வந்து, ஆளே இல்லாத வெம்ப்லியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று ஜெயித்து, கிளப் சரித்திரத்தில் முதல் முறையாக இரண்டாவது அடுக்கான சாம்பியன்ஷிப்புக்குப் போனது. ப்ளூம்ஃபீல்டுக்கு அப்போது 36 வயது. அடுத்த வருடம் ஒரே ஒரு புள்ளியில் இறங்கினார்கள், டார்பி 44, விக்கம் 43.

தலையில் பட்ட அடியால் வந்த கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, சரியாகாமல் 2022-ல் ஆட்டத்தை நிறுத்தினார். இவரைத் தோற்றவர் என்று சொன்னால் அந்த ஊரில் சோறு கிடைக்காது.

ஆஃப்சைட் ஆறுமுகம்:

எல்லாரும் சேர்ந்து உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபப்படாதீர்கள்.

மேலே யார் கண்ணிலும் படாமல் போவது எப்படி என்று கேட்டார் அல்லவா. கண்ணில் படாமல் இல்லை, பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த மைதானங்களில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிய கிளப்களுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள், எடுக்க வேண்டியவனைச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டெலி அலி என்ற மிட்ஃபீல்டர் 2012 நவம்பரில் 16 வயதில், அப்போது லீக் ஒன்னில் இருந்த எம்கே டான்ஸுக்கு ஆடத் தொடங்கினார். 2014 ஆகஸ்டில் அந்த அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தது, 2015 பிப்ரவரியில் பிரீமியர் லீக் கிளப்பான டாட்டனம் 50 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது, அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்து அணியில். மூன்றே வருடத்துக்குள் மூன்றாம் அடுக்கில் இருந்து நாட்டு அணி. தகுதி இருந்தால் வேகம் இதுதான்.

25 வயதைத் தாண்டிய லீக் டூ மிட்ஃபீல்டரை யாரும் மேலே எடுக்காததற்குக் காரணம் ஓரவஞ்சனை இல்லை. முதல் தொடல் அரை அடி தள்ளிப் போகும். லீக் டூவில் அந்த அரை அடிக்கு மன்னிப்பு உண்டு, மேலே கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தை உழைப்பால் அடைக்க முடியாது.

பழைய பூட்ஸ்:

ஆறுமுகம் அண்ணே, நீங்கள் சொல்வது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்குத்தான் நான் சண்டைக்கு வருகிறேன்.

கானர் ஹூரிஹேன் சண்டர்லாண்டிலும் இப்ஸ்விச்சிலும் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2011-ல் லீக் டூவில் பிளைமத்துக்கு வந்தார். அங்கே மூன்று வருடம், அப்புறம் பார்ன்ஸ்லி, 2017 ஜனவரியில் ஆஸ்டன் வில்லா, 2019-ல் வில்லாவோடு பிரீமியர் லீக். அப்போது வயது 28. அவரை ஏன் எடுத்தார்கள்? இடது காலில் ஃப்ரீ கிக், கார்னர், தூரத்தில் இருந்து கோல். எண்ணிக் காட்டக்கூடிய சமாச்சாரம் அவரிடம் இருந்தது. கிரஹாம் அலெக்சாண்டர் இன்னும் ஒரு படி மேலே, 1990-91-ல் ஸ்கன்தார்ப்பில் நாலாவது அடுக்கில் தொடங்கியவர் பர்ன்லியோடு 2009-ல் பிரீமியர் லீகில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 37. அவர் கையில் இருந்தது பெனால்டி. எண்ணக்கூடிய எதுவும் இல்லாத மிட்ஃபீல்டர்தான் பாவம். அவர் செய்கிற வேலை கணக்கில் ஏறாது.

அந்த வேலை என்ன என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஜனவரி, செவ்வாய் ராத்திரி, மைதானத்தில் பாதி சேறு. எதிரணி கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைக்கிறார். பந்து மேலே இருக்கும்போது கேமரா குதிக்கப்போகும் இரண்டு பேரைக் காட்டும், டிஃபெண்டரும் ஸ்ட்ரைக்கரும். நம் ஆள் அதற்கு முன்பே இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த இருவரில் யார் தலையில் பட்டால் பந்து எங்கே விழும் என்று மனதில் போட்டுக்கொண்டு, எட்டு பத்து அடி பின்னால் பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி நிற்பார். பந்து விழும். எதிரணி மிட்ஃபீல்டரின் முழங்கை விலாவில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டே நெஞ்சில் அடக்கி, இரண்டாவது தொடலில் ஐந்து கஜம் தள்ளி நிற்கும் விங்கருக்கு உருட்டிவிடுவார். விங்கர் ஓடி கிராஸ் போடுவார், கூட்டம் எழுந்து நிற்கும். இந்த செகண்ட் பால் வேலையை ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், லீகில் மட்டும் சீசனுக்கு 46 ஆட்டம், அதற்கு மேல் எஃப்ஏ கப், லீக் கப், இஎஃப்எல் டிராஃபி. இதை ஒழுங்காகச் செய்கிற ஒருவர் இல்லாத அணி பிப்ரவரிக்குள் கடைசி இரண்டு இடத்துக்குப் போய்விடும். லீக் டூவில் கடைசி இரண்டு இடம் என்றால் லீகுக்கே வெளியே.

இந்த வேலைக்கு என் ஆள் கேரி ஜோன்ஸ். 1977-ல் பர்கன்ஹெட்டில் பிறந்தவர், வேல்ஸில் கார்னர்வான் டவுனில் ஆடிக்கொண்டிருந்தவரை 1997-ல் ஸ்வான்சீ எடுத்தது, சில மாதத்தில் ராச்டேல். நடுவில் பார்ன்ஸ்லிக்குப் போனது தவிர 2012 வரை ராச்டேல்தான், அந்தக் கிளப்புக்காக அதிக லீக் ஆட்டம் ஆடிய சாதனை அவருடையது. ராச்டேல் எப்படிப்பட்ட கிளப் என்றால் 1974-ல் கடைசி அடுக்குக்கு இறங்கி 2010 வரை 36 வருடம் அங்கேயே கிடந்தது, அந்த அடுக்கையே ராச்டேல் டிவிஷன் என்று கேலி பேசுவார்கள். 2010-ல் அதை மேலே ஏற்றிய அணியின் நடுக்களம் ஜோன்ஸுடையது.

2012-ல் ராச்டேல் மறுபடி இறங்கியதும் 35 வயதில் பிராட்ஃபோர்ட் சிட்டிக்குப் போனார், அதுவும் லீக் டூ. இந்த வயதில் எதற்கு இவர் என்று அங்கே பேச்சு வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அந்த சீசனில் பிராட்ஃபோர்ட் லீக் கப்பில் விகனை, ஆர்சனலை, ஆஸ்டன் வில்லாவை என்று மூன்று பிரீமியர் லீக் அணிகளை வெளியேற்றி வெம்ப்லி இறுதிக்குப் போனது. முதல் இரண்டும் பெனால்டியில், வில்லாவை இரண்டு ஆட்டம் சேர்த்து 4-3. நாலாவது அடுக்கு அணி ஒன்று அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1962-ல், அது எந்த அணி என்று நினைக்கிறீர்கள்? அதே ராச்டேல்! 2013 பிப்ரவரியில் கேப்டன் ஜோன்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு வெம்ப்லியில் இறங்கினார். ஸ்வான்சீ 5-0 என்று சாத்தியது. அவரை முதலில் எடுத்து சில மாதத்தில் விட்ட அதே ஸ்வான்சீ. மே மாதம் திரும்ப அதே வெம்ப்லிக்கு வந்து நார்தாம்ப்டனை 3-0 என்று ஜெயித்து லீக் ஒன்னுக்கு ஏறினார்கள்.

ஒரே சீசனில் வெம்ப்லியில் இரண்டு தடவை அணியை வழிநடத்தியவர். பிரீமியர் லீகில் நூறு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

ஆஃப்சைட் ஆறுமுகம்:

ஜோன்ஸ் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பேரும் விதிவிலக்குதான் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். அந்த ரீடெய்ன்ட் லிஸ்டில் விடுவிக்கப்பட்டவர்கள் தலைப்பின் கீழே வரும் இருபது வயதுப் பையன்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? 16 வயதில் ஸ்காலர்ஷிப் என்று இரண்டு வருடம் எடுப்பார்கள், 18-ல் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று ஒரு அறைக்குள் கூப்பிட்டுச் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்றுதான் பதில். 31 வயதில் ஒன்பது கிளப் பார்த்தவர் அந்த அறையைத் தாண்டி வந்தவர், அந்த வகையில் அவர் ஜெயித்த கூட்டம்தான், இதை நானே சொல்கிறேன்.

பந்துப்பித்தன்:

அடேங்கப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. காசு விஷயத்தை யாரும் தொடவில்லையே? வாரத்துக்கு லட்சக்கணக்கில் பவுண்டு என்று பிரீமியர் லீக் செய்திகளில் பார்க்கிறோம், லீக் டூவில் என்ன நிலைமை? அப்புறம் லூட்டனில் ஒரு மிட்ஃபீல்டர் கடைசி அடுக்கில் இருந்து பிரீமியர் லீக் வரை வந்தார் என்று எங்கேயோ படித்த ஞாபகம், அது நிஜமா?

சனிக்கிழமை மூணு மணி:

லூட்டன் கதை நிஜம். பெல்லி ரடாக் ம்பான்சு. வெஸ்ட் ஹாமில் இருந்த பையன், 2013 கடைசியில் லோனில் லூட்டனுக்கு வந்து சில வாரத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தார். அப்போது லூட்டன் லீகிலேயே இல்லை. பண முறைகேடுகளுக்காக 2008-09 சீசனை 30 புள்ளி கழித்துத் தொடங்கச் சொன்னார்கள், எப்படிப் பிழைப்பது, இறங்கி ஐந்தாவது அடுக்கில் ஐந்து வருடம் கிடந்தார்கள். 2014-ல் லீக் டூ, 2018-ல் லீக் ஒன், 2019-ல் சாம்பியன்ஷிப், 2023 மே மாதம் வெம்ப்லியில் கவென்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என்று ஜெயித்து பிரீமியர் லீக். ஐந்து அடுக்கையும் ஒரே கிளப் சட்டையில் ஏறி வந்த முதல் ஆள் அவர். மேலே யாரும் வந்து அவரை எடுக்கவில்லை, கிளப்பே அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போனது, அல்லது அவர் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போனார், எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

காசுக்கு வருகிறேன். தனித்தனி சம்பளம் வெளியே வராது, அதனால் வேறு வழியாகப் பார்க்கலாம். 2020 ஆகஸ்டில் கிளப்கள் ஓட்டுப் போட்டு ஒரு உச்சவரம்பு கொண்டுவந்தன, லீக் ஒன்னில் அணிக்கு வருடம் 25 லட்சம் பவுண்டு, லீக் டூவில் 15 லட்சம். சம்பளம், போனஸ், வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். லீக் டூ தொகையை 22 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 68 ஆயிரம் பவுண்டு சொச்சம், அதில்தான் மற்றச் செலவும். வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏ இதை எதிர்த்துப் போய் 2021 பிப்ரவரியில் அந்த வரம்பை ரத்து செய்ய வைத்தது. அதே சங்கம்தான் 1961-ல், வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றிருந்த பழைய விதியையும் உடைத்தது, பழக்கம் விடவில்லை.

அது நல்ல சம்பளம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜூன் 30-க்கு அப்புறம் அது வருமா என்று தெரியாது. கிளப்பே இருக்குமா என்பதுகூடத் தெரியாது. பரி என்ற கிளப் 2019-ல் லீக் டூவில் இரண்டாவதாக வந்து லீக் ஒன்னுக்கு ஏறியது, வீரர்களுக்குச் சம்பளம் சரியாக வரவில்லை, ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீகில் இருந்தே தூக்கிவிட்டார்கள். மே மாதம் ஏற்றம் வாங்கியவர்களுக்கு அந்த சீசனில் ஆட ஒரு ஆட்டம்கூட இல்லாமல் போனது.

கார்னர் கொடி:

35-க்கு மேல் என்ன என்று கேட்டது விட்டுப்போயிற்று. சிலர் ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு இறங்கி, வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி இருக்கும் பகுதிநேர கிளப்களில் ஆடிக்கொண்டே வேறு வேலை பழகுவார்கள். டேனி புல்மன் மாதிரி 41 வயது வரை லீக் டூவில் ஓடுகிறவர்கள் அபூர்வம். மிட்ஃபீல்டர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, பதினைந்து வருடம் மொத்த ஆட்டத்தையும் நடுவில் நின்று பார்த்துப் பழகியதால் கோச்சிங் பக்கம் நிறைய பேர் போகிறார்கள். அதற்கான லைசென்ஸை ஆடிக்கொண்டிருக்கும்போதே படிக்கத் தொடங்கினால்தான் உண்டு, விடுவிக்கப்பட்ட பிறகு தொடங்கினால் வரிசையில் கடைசி.

ப்ளூம்ஃபீல்ட் 2022 செப்டம்பரில் கோல்செஸ்டருக்கு மேனேஜராகப் போய், ஆறு மாதத்துக்குள் விக்கமுக்கே மேனேஜராகத் திரும்பினார். 2025 ஜனவரியில் லீக் ஒன்னில் விக்கம் மேல்வரிசையில் இருக்கும்போது சாம்பியன்ஷிப்பில் தள்ளாடிக்கொண்டிருந்த லூட்டன் கூப்பிட்டது, போனார். பதினெட்டு வருடம் ஒரே கிளப்பில் ஆடியவர், பயிற்சியாளராக மூன்று வருடத்துக்குள் மூன்று கிளப். அங்கே அவர் நடுக்களத்தில் யார் இருந்தது என்றால் மேலே சொன்ன ம்பான்சுவேதான். லூட்டன் தப்பவில்லை, லீக் ஒன்னுக்கு இறங்கியது, அக்டோபரில் ப்ளூம்ஃபீல்டை அனுப்பிவிட்டார்கள்.

பழைய பூட்ஸ்:

ராச்டேலும் 2023-ல் லீகை விட்டு வெளியே போய்விட்டது, 102 வருடத்துக்குப் பிறகு. நேஷனல் லீகில் இருந்து வருடத்துக்கு இரண்டே அணிகள்தான் மேலே ஏறலாம் என்றிருந்ததை மூன்றாக்கச் சொல்லி அந்த கிளப்கள் எல்லாம் 2025-ல் கொடி பிடித்தன. நீங்கள் சொன்ன 31 வயதுக்காரர் மாதிரி ஆட்கள் அந்த லீகிலும் நிறைய பேர், லீக் டூவில் ஓரத்தில் உட்காருவதை விட அங்கே மேல்வரிசை கிளப்பில் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தால் மேல் என்று போகிறார்கள். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனி இழை போடுங்கள், வருகிறேன்.